குரியச்சனின் வலது தோள்

இனி உயிருள்ளவரை தேங்காய் துருவுவதில்லை என்று குரியச்சன் ஒரு திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு முடிவெடுத்தார். முடிவெடுத்தபோது அவர் துருவுமணையின் மேல்தான் உட்கார்ந்திருந்தார். கையில் அரைமூடித் தேங்காய். எதிரே இரும்பு நாக்கை நீட்டிக்கொண்டு துருவி.

"ஏலிக்குட்டி! என்னால முடியாது. தோள் போச்சு!"

அடுக்களையிலிருந்து பதில் வந்தது. "எந்தத் தோள்?"

"வலது."

"அப்போ இடது கையை அழுத்தித் துருவுங்க, இச்சாயா."

புருஷனை 'இச்சாயா' என்று கூப்பிடும் ஏலிக்குட்டி இருபத்திரண்டு வருஷம் குவைத்தில் நர்ஸ் வேலை பார்த்தவள். ஊர் திரும்பிய அன்று, பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே வீட்டு வேலையைப் பங்கு பிரித்துவிட்டாள். சமையல் அவளுக்கு. துருவல் அவருக்கு. ஆஞ்ஞிலிக்கவலையில் உரக்கடை நடத்துகிற, தேவாலயக் கமிட்டியில் இரண்டு முறை நின்று ஒரு முறை ஜெயித்த மனிதர், தினமும் காலையில் முழங்காலை மடக்கி மணையில் உட்கார வேண்டியதாயிற்று. மீன் கறி வைக்கிற நாளில் இரண்டு காய்.

"பதினோரு வருஷம்!" என்றார் குரியச்சன். "தினம் ஒரு தேங்காய். நாலாயிரம் தேங்காய்க்கு மேல ஆச்சு. தனி ஒருத்தனா ஒரு தோப்பையே துருவித் தள்ளியிருக்கேன். தோள் என்னத்துக்கு ஆகும்?"

"தின்னது யாரு?"

"பேச்சை மாத்தாதே. நான் சொல்றது வைத்திய விஷயம்."

தோள்வலி உண்மைதான். கையைத் தலைக்கு மேல் தூக்கினால் கழுத்திலிருந்து முழங்கை வரை ஒரு மின்சாரம் ஓடியது. காரணம்தான் பொய். தோளைக் கெடுத்தது தேங்காய் அல்ல, சீட்டு.

இருபத்தெட்டு என்ற சீட்டாட்டத்தில் ராஜாவுக்கும் ராணிக்கும் மதிப்பில்லை. ஜாக்கிதான் எல்லோருக்கும் பெரியவன். கையில் ஜாக்கி வந்தால் சிலர் சத்தமில்லாமல் இறக்குவார்கள். குரியச்சன் அந்த ஜாதி இல்லை. கையைக் காதுக்கு மேலே கொண்டுபோய், ஒரு நொடி நிறுத்தி, மேசை மேல் ஓங்கி அறைவார். கிளப்பில் இதுவரை இரண்டு மேசைகளுக்குக் கால் மாற்றியாகிவிட்டது. தோளுக்குக் கால் மாற்ற வழியில்லை.

சீட்டாட்டம் ஏலிக்குட்டிக்குத் தெரியக் கூடாது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. ஆட்டத்தில் தோற்றவர் காதில் குணுக்கு மாட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். சில ஊரில் பலா இலை, சில ஊரில் சோடா மூடி. ஆஞ்ஞிலிக்கவலைக் கிளப்பில் துணி உலர்த்தும் கிளிப்பில் ஒரு சின்ன வெங்காயத்தைக் கட்டித் தொங்கவிடுவார்கள். குரியச்சன் கிளப்புச் செயலாளராக இருந்தபோது விதிகளைத் தன் கையாலேயே எழுதினார். நான்காவது விதி: குணுக்கை மாட்டிவிட்டவரை ஜெயிக்காமல் யாரும் கழற்றக் கூடாது. போன வருஷம் அவருக்கு மாட்டிவிட்ட ஆள், மாட்டிய கையோடு இடுக்கி எஸ்டேட்டுக்குப் போய் இரண்டு நாள் வரவில்லை. அதற்கிடையில் மகளின் நிச்சயதார்த்தம் வந்துவிட்டது. குரியச்சன் விதியை மதித்தார். பட்டுக்கரை வேட்டி, வெள்ளைச் சட்டை, இரண்டு காதிலும் வெங்காயம். சம்பந்தி வீட்டார் முதலில் அதை ஏதோ குடும்ப வழக்கம் என்று நினைத்து மரியாதையாக வணங்கினார்கள். பிறகு ஒரு குழந்தை விசாரித்துவிட்டது.

அன்று ஏலிக்குட்டி அவரைத் தேவாலயத்துக்கு இழுத்துக்கொண்டு போய்ப் புண்ணியாளன் என்று ஊர் கும்பிடும் புனிதரின் சிலை முன்னால் நிறுத்தினாள். 'ரேஷன் கடை மாடியில் இனி சீட்டைத் தொட மாட்டேன்' என்று சத்தியம் செய்தார். கிளப் அந்த மாடியில் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் கிளப் மர அறுவை மில் கொட்டகைக்கு மாறியது. சத்தியம் காலாவதியானது. தினமும் மாலை ஐந்து மணிக்கு, "கொயர் பயிற்சிக்குப் போறேன்" என்று சொல்லித் தேவாலயப் பாடகர் குழுவின் பாட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குரியச்சன் மில்லுக்குப் போனார்.

"சரி, வலின்னா வைத்தியம் பார்த்துடுவோம்" என்றாள் ஏலிக்குட்டி, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து. "ஜிஸ்மோள்கிட்ட போவோம்."

"அது யாரு?"

"சாலியோட மக. குவைத்ல என் அறையில இருந்தாளே, அந்த சாலி. பொண்ணு பிசியோதெரபி படிச்சுட்டு நம்ம ஆஞ்ஞிலிக்கவலையிலயே கிளினிக் போட்டிருக்கா. தசையில முடிச்சு விழுந்திருந்தா ஊசி குத்தி எடுத்துடுவாளாம்."

"ஊசியா?"

நர்ஸுக்கு வாழ்க்கைப்பட்டும் ஒரு ஊசிகூடப் போட்டுக்கொள்ளாதவர் குரியச்சன். ஒருமுறை நாய் கடித்தபோது, அது கடிக்கவில்லை, பல் பட்டதுதான் என்று நாயின் தரப்பில் நின்று ஒரு மணி நேரம் வாதாடினார்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று கடைக்குப் போனார்.

கடைக்குப் பாப்பச்சன் வந்தார். பக்கத்து வீட்டுக்காரர், சீட்டில் இருபது வருஷக் கூட்டாளி.

"எடா குரியச்சா, ஞாயித்துக்கிழமை போட்டிடா. பதினாறு ஜோடி பேர் கொடுத்திருக்கு. முதல் பரிசு கிடா. கூடவே ஒரு நேந்திரவாழைக் குலை. கிடாவை நான் போய்ப் பார்த்தேன். நம்மளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிச்சுது பாரு."

"கை தூக்க முடியல பாப்பச்சா."

"தூக்காம ஜாக்கியை எப்படிப் போடுவ? தபால் பெட்டியில கடுதாசி போடற மாதிரியா? எதிராளி பயப்பட வேணாமா? போன வாரம் நாலு தடவை குணுக்கு மாட்டியாச்சு நமக்கு. ஊசியோ கோடாலியோ, எதையாவது போட்டு அந்தத் தோளைச் சரி பண்ணு."

பாப்பச்சன் போனதும் குரியச்சன் உர மூட்டை மேல் சாய்ந்து யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் மலர்ந்தது. ஊசி போட்டால் தோள் சரியாகும். தோள் சரியானால் கிடா வரும். அதோடு, தேங்காய் துருவியதால் வந்த வலி இது என்று ஒரு டாக்டர் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால், அந்த மணையை நிரந்தரமாகப் பரணில் ஏற்றிவிடலாம். ஒரு நர்ஸ் யாரை மீறினாலும் மருந்துச்சீட்டை மீற மாட்டாள். இவ்வளவு நல்ல திட்டம் தனக்கு இதுவரை ஏன் தோன்றவில்லை என்று அவருக்கே வருத்தமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் ஜிஸ்மோள் அவரைச் சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரச் சொன்னாள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். விரல்கள் மெலிந்து நீண்டிருந்தன.

"எப்படி வந்துச்சு, அங்கிள்?"

"தேங்காய்" என்றார் குரியச்சன் ஒரே சொல்லில். பிறகு இல்லாத மணையில் உட்கார்ந்து, இல்லாத மூடியைப் பிடித்து, முகத்தைச் சுளித்துத் துருவிக் காட்டினார்.

ஜிஸ்மோள் முன்கையை அமுக்கினாள். "இங்க வலிக்குதா?"

"இல்லையே."

மணிக்கட்டை அமுக்கினாள். "இங்க?"

"இல்ல."

"துருவுறவங்களுக்கு இங்கதான் வலிக்கணும்." அவள் விரல் மெல்ல மேலே ஏறியது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இருக்கும் மேட்டில் நின்றது. அழுத்தியது.

குரியச்சன் போட்ட சத்தத்தில் வெளியே ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர் எழுந்து நின்றார்.

"இங்கதான் முடிச்சு" என்றாள் ஜிஸ்மோள். "தோள்பட்டை எலும்புக்குப் பின்னாலயும் ஒண்ணு இருக்கு. இது கையை மேல தூக்கி ஓங்கி அடிக்கிறவங்களுக்கு வரும். அங்கிள் விறகு பிளப்பீங்களா?"

"இவரா?" என்றாள் மூலையில் உட்கார்ந்திருந்த ஏலிக்குட்டி.

"துணி அடிச்சுத் துவைப்பீங்களா?"

"இவரா?"

குரியச்சன் தயங்கவே இல்லை. "கொயர்! திருநாளுக்குப் பயிற்சி. நான்தான் தாளம் தட்டறேன். உயரத்துல இருந்து தட்டினாத்தான் பின்வரிசைக்குத் தெரியும்."

"அப்படியா" என்றாள் ஏலிக்குட்டி.

ஜிஸ்மோள் இடது கையை எடுத்துப் பார்த்தாள். "இதென்ன, கட்டைவிரல் மேட்டுலயும் இறுகிப்போயிருக்கு? எதையோ விசிறி மாதிரி விரிச்சு ரொம்ப நேரம் பிடிச்சிருக்கீங்க."

"பாட்டுப் புத்தகம்."

"அவ்வளவு கனமா பாடறீங்களா, இச்சாயா?"

"பக்திப் பாட்டுடீ. லேசாவா இருக்கும்?"

தன் சாமர்த்தியம் குரியச்சனுக்கே பிடித்திருந்தது. கவிழ்ந்து படுத்தார். ஜிஸ்மோள் கையுறை மாட்டினாள். பஞ்சால் துடைத்தாள்.

"இதுல மருந்து கிடையாது அங்கிள். வெறும் ஊசி. தலைமுடி கனம்தான். முடிச்சுல சரியாப் பட்டா தசை ஒரு துள்ளு துள்ளும். அதுக்கப்புறம் தளர்ந்துடும். துள்ளினா பயப்படாதீங்க."

"பயமா? எனக்கா?" என்று தலையணைக்குள் சொன்னார் குரியச்சன். அடுத்த நொடி தோள் துள்ளியது.

"துள்ளிடுச்சு! துள்ளிடுச்சு!"

"நான் இன்னும் ஊசியை எடுக்கல, அங்கிள். பஞ்சுதான் அது."

ஏலிக்குட்டி எழுந்து வந்து தலைமாட்டில் நின்றாள். ஜிஸ்மோள் தோள் மேட்டுத் தசையை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிப் பிடித்து, சின்னக் குழாயின் நுனியில் லேசாகத் தட்டினாள். ஊசி இறங்கியதே தெரியவில்லை. பிறகு அதைச் சற்றே மேலும் கீழும் அசைத்தாள். உள்ளே ஏதோ ஒன்று, தூண்டிலில் மாட்டிய கெண்டை போல, சடக்கென்று ஒரு முறை துடித்தது. பிறகு அந்த இடமே அவிழ்ந்து பரவியது. இரண்டு மாதமாகக் கட்டிக்கிடந்த கயிற்றை யாரோ அறுத்துவிட்டாற்போல் இருந்தது. குரியச்சன் புண்ணியாளன் பெயரைச் சொன்னார். இந்த முறை மனதார.

அந்தச் சுகத்தில் அவர் கண்ணைச் சொருகிக் கிடந்தபோது தலைக்கு மேலே ஏலிக்குட்டியின் குரல் கேட்டது.

"காதுல என்ன தடம்?"

குரியச்சன் கண்ணைத் திறந்தார். முதுகில் ஊசிகள் நின்றதால் எழுந்திருக்க வழியில்லை. "எந்தக் காதுல?"

"ரெண்டுலயும். மடல்ல ரெண்டு ரெண்டு கோடு."

"கொசு."

"ரெண்டு காதுலயும், ஒரே இடத்துலயா?"

"ஒழுங்கான கொசு."

ஏலிக்குட்டி அதற்கு மேல் கேட்கவில்லை. குரியச்சன் நிம்மதியாக மூச்சுவிட்டார். சட்டையை மாட்டிக்கொண்டதும் முக்கியமான விஷயத்துக்கு வந்தார்.

"டாக்டர், தேங்காய் துருவக் கூடாதுன்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுத்துடுங்க. இவளுக்கு எழுத்துல இருந்தாத்தான் நம்பிக்கை."

"எழுதறேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் துருவ வேணாம். வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை வாங்க."

"அப்போ கொயரும் வேணாம்னு எழுதிடு மோளே" என்றாள் ஏலிக்குட்டி. "ஓங்கித் தட்டறதாலதான வந்துச்சு?"

"ஐயோ, அது தெய்வ காரியம்!" என்று குரியச்சன் பதறினார். "தெய்வ காரியத்துல தோள் போனா போகட்டும். தேங்காய்க்காகத்தான் போகக் கூடாது."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவருடைய பக்தியைக் கண்டு நெகிழ்ந்துபோனார்கள் என்று குரியச்சன் நினைத்தார்.

அந்த வாரம் குரியச்சன் ராஜாவாக வாழ்ந்தார். காலை ஆறரைக்கு மணையில் ஏலிக்குட்டி உட்கார்ந்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, பால் விடாத சூடான கட்டன் சாயாவை உறிஞ்சியபடி, பேப்பருக்கு மேலாக மேற்பார்வை பார்த்தார். "கொஞ்சம் பொடியா வரட்டும், ஏலிக்குட்டி. ஓடு தெரியுது பாரு" என்று யோசனைகூடச் சொன்னார். அவள் சிரித்தாள். வெள்ளிக்கிழமை இரண்டாவது முறை ஊசி போட்டதும் தோள் எண்ணெய் விட்ட கதவு மாதிரி சுழன்றது. சனிக்கிழமை சாயங்காலம் மில்லில் ஜாக்கியை அறைந்து பார்த்தார். மேசை மேல் இருந்த தம்ளர் கீழே இறங்கிவிட்டது.

அவருக்கு ஏலிக்குட்டி மேல் இரக்கம்கூட வந்தது. பாவம், இருபத்திரண்டு வருஷம் குவைத்தில் வேலை, அறை, ஜெபம். ஒரு பொழுதுபோக்கு உண்டா? உலகம் தெரியாதவள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பாட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "விசேஷப் பயிற்சி. வர நேரமாகும்."

"போயிட்டு வாங்க. தாளம் தப்பாமப் பார்த்துக்கங்க" என்றாள் ஏலிக்குட்டி.

மில் கொட்டகையில் நல்ல கூட்டம். மூலையில் கிடா கட்டியிருந்தது. குரியச்சனும் பாப்பச்சனும் முதல் சுற்றில் சுலபமாக ஜெயித்தார்கள். இரண்டாவது சுற்றில் எதிராளி, ஜாக்கி மேசையில் விழுந்த சத்தத்திலேயே சீட்டை நழுவவிட்டார். அரையிறுதியும் முடிந்தது.

"கிடாவுக்குக் கயிறு கொண்டுவந்திருக்கியாடா?" என்று கேட்டார் பாப்பச்சன்.

"பாட்டுப் புத்தகத்துக்குள்ள இருக்கு."

அப்போது நடுவர் அழைத்தார். "அடுத்த மேசையில ஜெயிச்ச ஜோடி இறுதிக்கு வரலாம்."

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்த ஜோடி வந்தது. முன்னால் ஜிஸ்மோள். பின்னால், சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, ஏலிக்குட்டி.

குரியச்சன் அவசரமாகப் பாட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கினார். பாப்பச்சன்தான் பேசினார். "பொம்பளைங்க ஆடலாமா?"

"நோட்டீஸ்ல 'எந்த ஜோடியும் கலந்துகொள்ளலாம்'னு இருக்கே" என்றார் நடுவர். "குரியச்சன் செயலாளரா இருந்தப்போ எழுதின வாசகம்தான்."

"ஏலிக்குட்டி, நீயா? உனக்கு எப்படித் தெரியும்? நான் கொயர்..." என்று ஆரம்பித்தார் குரியச்சன்.

"கொயர் மாஸ்டருக்கு மஞ்சள் காமாலை, இச்சாயா. மூணு வாரமா படுக்கையில கிடக்கார். தினம் காலையில கோயில்ல குர்பானைப் பூசை முடிஞ்சு நான்தான் போய் டிரிப் ஏத்திட்டு வரேன்." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "சீட்டைக் கலைங்க."

"உனக்கு ஆடத் தெரியுமா?"

"குவைத்ல நர்ஸ் குவார்ட்டர்ஸ்ல ஜெபம் எவ்வளவு நேரம் நடக்கும்னு நினைச்சீங்க?"

குரியச்சன் சட்டென்று தேறிவிட்டார். பெண்டாட்டி என்றால் என்ன, எதிராளி எதிராளிதான். தோள் பஞ்சு மாதிரி இருக்கிறது. அறைகிற அறையில் குவைத் வரை கேட்கும்.

முதல் நான்கு சீட்டு வந்தது; அதை வைத்துத்தான் எத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலம் கேட்க வேண்டும். விரித்துப் பார்த்தார். ஸ்பேட் ஜாக்கி. முகத்தில் ஒரு சலனமும் காட்டவில்லை. அதில் அவர் கெட்டிக்காரர். வலப்பக்கம் உட்கார்ந்திருந்த ஜிஸ்மோள் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. "நான் ஏலம் கேட்கல" என்று ஒதுங்கிவிட்டாள். அடுத்த கையில் அவரிடம் ஒன்றுமே இல்லை. அதே முகத்தோடு மிரட்டிப் பார்த்தார். ஜிஸ்மோள் இருபது வரை ஏலத்தை ஏற்றி, எடுத்து, ஜெயித்தாள். ஜாக்கி வந்தால் ஒதுங்கினாள். வராவிட்டால் ஏறி அடித்தாள். ஒருமுறைகூடத் தப்பவில்லை.

"சீட்டுல ஏதோ அடையாளம் இருக்கு!" என்றார் குரியச்சன்.

"சீட்டுல இல்ல, அங்கிள். தோள்ல" என்றாள் ஜிஸ்மோள் பணிவாக. "ஜாக்கி வந்தா வலது தோள் ஒரு விரல்கடை மேல ஏறுது. ஓங்குறதுக்குத் தயாராகுது. அந்த முடிச்சே அதனாலதான் விழுந்துச்சு. இப்போ முடிச்சு அவிழ்ந்துட்டதால இன்னும் சுலபமா ஏறுது."

"வைத்தியம் பார்த்தவங்க நோயாளி ரகசியத்தை வெளியில விடலாமா?"

"நான் யார்கிட்டயும் சொல்லலையே. பார்த்துட்டு நானே வச்சுக்கிட்டேன்."

கடைசிக் கை. எண்ணிக்கை சமம். குரியச்சனிடம் ஆட்டத்தை முடிக்கும் ஜாக்கி இருந்தது. கையைத் தூக்கினார். வலி இல்லை. காதைத் தாண்டித் தூக்கினார். ஒரு நொடி நிறுத்தினார். கொட்டகையே மூச்சைப் பிடித்தது. கிடாகூட நிமிர்ந்து பார்த்தது. அறைந்தார். மேசை குதித்தது. ரம்பங்கள் அதிர்ந்தன. அவர் வாழ்நாளில் இதைவிட நல்ல அறை அறைந்ததில்லை.

ஏலிக்குட்டி கையிலிருந்த ஒற்றைச் சீட்டை, நோயாளியின் கையைப் படுக்கையில் வைப்பதுபோல, அதன் மேல் மெதுவாக வைத்தாள். துருப்பு ஏழு. ஆட்டத்திலேயே மதிப்பில் கடைசிச் சீட்டு. ஆனால் துருப்பு, ஜாக்கியையும் வெட்டிவிடும்.

பாப்பச்சன் கிடாவைப் பார்த்தார். கிடா ஏலிக்குட்டியைப் பார்த்தது.

குணுக்குத் தட்டை நடுவர் நீட்டினார். ஏலிக்குட்டி கிளிப்பை எடுத்து, வெங்காயத்தைச் சரிபார்த்து, புருஷனின் காதுமடலைப் பிடித்தாள். நர்ஸின் கை நடுங்கவில்லை.

"அசையாதீங்க இச்சாயா. கொசு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

இரண்டு காதிலும் மாட்டியானதும் குரியச்சன் சீட்டுக்கட்டை இழுத்தார். "இன்னொரு ஆட்டம்! உட்கார். உன்னை ஜெயிச்சு இதைக் கழற்றாம நான் எழுந்திருக்கிறதில்ல."

ஏலிக்குட்டி உட்காரவில்லை. "முடியாதே. வர்ற வழியில புண்ணியாளன் முன்னால சத்தியம் பண்ணிட்டேன். இந்த ஆட்டம் முடிஞ்சா இனி சீட்டைத் தொட மாட்டேன்னு."

"எந்த மாடியில?" என்று ஆசையோடு கேட்டார் பாப்பச்சன்.

"எல்லா மாடியிலயும்."

திங்கட்கிழமை காலை ஆறரை மணி. குரியச்சன் துருவுமணையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நான்கு தேங்காய். சுவரில் ஜிஸ்மோள் எழுதிய புதுத் தாள்: தோள் நன்றாகத் தளர்ந்துவிட்டது, கை பழகுவதற்குத் தினமும் துருவவும். ஏலிக்குட்டி நாற்காலியில் உட்கார்ந்து கட்டன் சாயாவை உறிஞ்சினாள்.

"கொஞ்சம் பொடியா வரட்டும், இச்சாயா. கிடாக் கறிக்கு வறுத்து அரைக்கணும். மத்தியானம் சாப்பிட சம்பந்தி வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டிருக்கேன். வாசல்ல நின்னு வரவேற்க வேண்டியது உங்க வேலை."

குரியச்சன் சரி என்று தலையாட்டினார். அவருக்கு முன்பே வெங்காயங்கள் ஆடின.